மெய்நிகர் சர்வர்களும் உரிமக் கணக்கும்

கல்லூரிகள், ஆய்வு நிலையங்கள், மாவட்ட அலுவலகங்கள் ஆகிய பலவற்றில் இன்று சர்வர் எனப்படும் யந்திரம் ஒன்றேனும் இயங்கி வருகிறது. பல கணினிகளுக்கு வேண்டிய தகவல்களை ஓரிடத்தில் சேமித்து வைத்து, கேட்டவர்க்குக் கேட்ட வண்ணம் வழங்குவதே அதன் தொழில். மாணவர் வருகைப் பதிவு, மண் பரிசோதனை முடிவுகள், மழைமானிக் குறிப்புகள், சம்பளப் பட்டியல் முதலியன யாவும் அதிலேயே தங்குகின்றன.

யந்திரத்தை வாங்குங்கால் காட்டப்படும் கவனம், அதில் இயங்கும் மென்பொருளின் உரிமத்தை வாங்குங்கால் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. இதனால் இரு வகை நஷ்டங்கள் நேர்கின்றன. தேவைக்கு மிகுதியாக உரிமம் வாங்கினால் பொதுப் பணம் விரயமாகும். குறைவாக வாங்கினால், அலுவலகம் தன்னை அறியாமலே ஒப்பந்தத்தை மீறியதாகும்; தணிக்கையின்போது அதற்கு விடை கூற வேண்டியவர் யந்திரத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஊழியரே. இவ்விரு நஷ்டங்களுக்கும் காரணம் ஒன்றுதான்: எண்ண வேண்டியதை விடுத்து வேறொன்றை எண்ணுதல். எதை எண்ண வேண்டும் என்பதைத் தெளிந்துகொண்டால், எஞ்சியது பெருக்கல் கணக்கேயாகும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் சர்வர் என்னும் மென்பொருளை உதாரணமாகக் கொண்டு அக்கணக்கை விளக்குவது இப்பாடத்தின் நோக்கம்.

மெய்நிகர் யந்திரம் என்பது யாது?

ஒரே யந்திரத்தினுள் பல யந்திரங்கள் இயங்குவன போன்ற நிலையை மென்பொருளால் உண்டாக்கலாம். அங்ஙனம் உண்டாக்கப்படும் ஒவ்வொன்றும் மெய்நிகர் யந்திரம் எனப்படும். அதற்குத் தனி உடல் இல்லை. எனினும் தனி நினைவகம், தனி வட்டு, தனி இயங்குதளம் ஆகியவை இருப்பதாகவே அதைப் பயன்படுத்துவோர்க்குத் தோன்றும். இவற்றைத் தாங்கி நிற்கும் உண்மையான யந்திரத்தைத் தாங்கு யந்திரம் என்று இப்பாடத்தில் வழங்குவோம். தாங்கு யந்திரத்தின் வலிமையை மெய்நிகர் யந்திரங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்.

இம்முறை புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் தன் பெரிய கணினிகளுக்கென 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட வி.எம்./370 என்னும் மென்பொருள் இத்தத்துவத்தில் அமைந்ததே. சாதாரண சர்வர்களில் இது பரவியது 1998இல் தோன்றிய விஎம்வேர் நிறுவனத்தின் தயாரிப்புகளுக்குப் பின்னராகும். கேவிஎம் என்னும் ஹைப்பர்வைசர் 2007இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் சேர்க்கப்பட்டது. மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி 2008இல் வெளியாயிற்று.

இதன் சௌகரியங்கள் பல. நான்கு சர்வர்கள் செய்யும் வேலையை ஒரே யந்திரம் செய்து விடுகிறது. மின்சாரமும் குளிர்பதனச் செலவும் குறைகின்றன. புதிய மெய்நிகர் யந்திரம் ஒன்றைச் சில நிமிஷங்களில் உண்டாக்கிவிடலாம். ஆனால் உரிமச் சிக்கல் பிறப்பதும் இந்தச் சௌகரியத்திலேதான். முன்னாளில் புதிய சர்வர் வேண்டுமாயின் விலைப்புள்ளி கோரி, அநுமதி பெற்று, யந்திரத்தை வரவழைக்க வேண்டியிருந்தது. உரிமமும் அதனுடனே வந்து சேரும். இன்றோ ஒரு விசையை அழுத்தியதும் புதிய சர்வர் தோன்றிவிடுகிறது. உரிமம் அதனுடன் தோன்றுவதில்லை.

எண்ண வேண்டியது எது?

உரிமத்தின் அலகு நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபடும். விண்டோஸ் சர்வரின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் பிராசஸர் என்னும் கணக்கிடும் சில்லே அலகாக இருந்தது. அப்பதிப்பில் ஓர் உரிமம் இரண்டு பிராசஸர்களுக்குப் போதுமானது. காலப்போக்கில் ஒரே பிராசஸரினுள் பல கணக்கிடும் பகுதிகள் அமையலாயின. அப்பகுதி ஒவ்வொன்றும் கோர் எனப்படும். எட்டு கோர்களும் பதினாறு கோர்களும் அதற்கு மேலும் கொண்ட பிராசஸர்கள் வந்தபின், 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து கோரே அலகாயிற்று. 2024 நவம்பரில் வெளியான 2025 பதிப்பிலும் அடிப்படை விதி அதுவே.

விதிகள் மூன்றாம்:

1. தாங்கு யந்திரத்திலுள்ள மெய்யான கோர்கள் யாவற்றிற்கும் உரிமம் பெறுதல் வேண்டும். மெய்நிகர் யந்திரத்திற்கு இரண்டே கோர்கள் ஒதுக்கப்பட்டிருப்பினும் இவ்விதி மாறாது.

2. ஒரு பிராசஸரில் எட்டுக்குக் குறைவான கோர்களே இருப்பினும், அதனை எட்டு என்றே கொள்ளல் வேண்டும்.

3. ஒரு யந்திரத்தில் மொத்தம் பதினாறுக்குக் குறைவான கோர்களே இருப்பினும், பதினாறு என்றே கொள்ளல் வேண்டும்.

ஹைப்பர்-திரெடிங் என்னும் உத்தியால் ஒரு கோர் இரண்டு போலத் தோற்றமளிப்பதுண்டு. அத்தோற்றத்தை எண்ண வேண்டியதில்லை. மெய்யான கோர்களை மட்டுமே எண்ணுதல் வேண்டும்.

சில உதாரணங்களால் இதனை உறுதிப்படுத்தலாம். ஆறு கோர்கள் கொண்ட ஒரே பிராசஸர் உள்ள யந்திரத்திற்கு, இரண்டாம் விதிப்படி எட்டு. மூன்றாம் விதிப்படி பதினாறு. ஆகவே விடை 16. ஆறு கோர்கள் கொண்ட பிராசஸர்கள் நான்கு இருப்பின், ஒவ்வொன்றும் எட்டாக, விடை 32. பன்னிரண்டு கோர்கள் கொண்ட பிராசஸர்கள் இரண்டு இருப்பின், குறைந்தபட்ச விதிகள் குறுக்கிடுவதில்லை, விடை 24.

இவ்வுரிமங்கள் இரண்டு கோர்கள் கொண்ட கட்டாகவும் பதினாறு கோர்கள் கொண்ட கட்டாகவும் விற்கப்படுகின்றன. கட்டின் அளவு விற்பனைச் சௌகரியத்துக்காக ஏற்பட்டது. அதனை உரிமையின் அளவு என்று கருதுதல் கூடாது. பெரும்பான்மையான தவறுகள் இவ்விடத்தில் நிகழ்வதால், இது மனத்திற் பதிய வேண்டுவதாகும்.

இருவகைப் பதிப்புகள்

விண்டோஸ் சர்வரில் ஸ்டாண்டர்டு, டேட்டாசென்டர் என்னும் இரு பதிப்புகள் முக்கியமானவை. கோர்களை எண்ணும் முறை இரண்டிற்கும் ஒன்றே. வேறுபாடு, அதனால் கிடைக்கும் மெய்நிகர் யந்திரங்களின் எண்ணிக்கையில் உள்ளது.

ஸ்டாண்டர்டு பதிப்பில், தாங்கு யந்திரத்தின் எல்லாக் கோர்களுக்கும் ஒருமுறை உரிமம் பெற்றால், அதில் இரண்டு விண்டோஸ் மெய்நிகர் யந்திரங்களை இயக்கலாம். மூன்றாவதோ நான்காவதோ வேண்டுமாயின், எல்லாக் கோர்களுக்கும் இரண்டாம் முறை உரிமம் பெறுதல் வேண்டும். ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் மூன்றாம் முறை. இங்ஙனம் எல்லாக் கோர்களுக்கும் ஒருமுறை பெறுவதை ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு இரண்டு மெய்நிகர் யந்திரங்கள் என்பது சூத்திரம்.

டேட்டாசென்டர் பதிப்பில் ஒரே சுற்று போதும். மெய்நிகர் யந்திரங்களின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. விலை மட்டும் பன்மடங்காகும்.

தாங்கு யந்திரத்திலேயே நேராக நிறுவப்படும் விண்டோஸ், மெய்நிகர் யந்திரங்களைத் தாங்குவதற்கும் நிர்வகிப்பதற்கும் மட்டுமே பயன்படுமாயின், ஸ்டாண்டர்டு பதிப்பில் அது கணக்கிற் சேராது. ஆனால் அதிலேயே கோப்புச் சேமிப்பு முதலிய வேறு பணிகளையும் நடத்தினால் அதுவும் ஒன்றாக எண்ணப்படும்; முதற் சுற்றில் மெய்நிகர் யந்திரம் ஒன்றுக்கே இடமிருக்கும். ஆதலால் தாங்கு யந்திரத்தை வேறு பணிகளுக்கு ஈடுபடுத்தாதிருப்பது நலம்.

மண் பரிசோதனை நிலையத்தின் கணக்கு

ஒரு மண் பரிசோதனை நிலையத்தில் தாங்கு யந்திரம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதில் பன்னிரண்டு கோர்கள் கொண்ட பிராசஸர்கள் இரண்டு. நிலையத்தார்க்கு வேண்டிய மெய்நிகர் யந்திரங்கள் நான்கு: ஊழியர்களின் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் காப்பது ஒன்று, பரிசோதனை முடிவுகளின் பதிவுக்கு ஒன்று, கோப்புகளுக்கு ஒன்று, விவசாயிகள் பார்க்கும் வலைப்பக்கத்திற்கு ஒன்று. முதல் மூன்றும் விண்டோஸில் இயங்குவன. நான்காவது லினக்ஸில் இயங்குவது.

கணக்கிடும் முறை வருமாறு. லினக்ஸ் யந்திரத்திற்கு விண்டோஸ் உரிமம் வேண்டாவாகையால் அதனை நீக்கிவிடலாம். எஞ்சியவை மூன்று. மூன்றிற்கு இரண்டு சுற்றுகள் தேவை. ஒரு சுற்றுக்கு 24 கோர்கள். இரண்டு சுற்றுகளுக்கு 48 கோர்கள். இரண்டு கோர்க் கட்டுகளாயின் 24 கட்டுகள்.

இங்கே வழக்கமாக நேரும் தவறு யாதெனில், “பதினாறு கோர்க் கட்டு ஒன்றுக்கு இரண்டு மெய்நிகர் யந்திரங்கள், ஆகவே மூன்றிற்கு இரண்டு கட்டுகள் போதும்” என்று எண்ணுவதாம். அங்ஙனம் வாங்கினால் கிடைப்பன 32 கோர்களுக்கான உரிமங்கள், பதினாறு குறைகின்றன. பதினாறு கோர்களே உள்ள யந்திரத்தில் இக்கணக்கு தற்செயலாகச் சரிப்பட்டுவிடும். பழைய யந்திரத்தை மாற்றி 24 கோர்கள் உள்ள புதியதை வாங்கும்போதுதான் குறை தோன்றுகிறது. மெய்நிகர் யந்திரங்களின் எண்ணிக்கை மாறாமையால் அக்குறை எவர் கண்ணிலும் படுவதில்லை.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. இரண்டு சுற்றுகளுக்கு நான்கு விண்டோஸ் மெய்நிகர் யந்திரங்கள் வரை உரிமை உண்டு. நிலையம் பயன்படுத்துவது மூன்று. எனவே இன்னும் ஒன்றை மேற்செலவின்றி உண்டாக்கலாம். இதை அறியாது மீண்டும் உரிமம் வாங்குவதும் விரயமே.

ஹைப்பர்வைசர் யாருடையதாயினும் இக்கணக்கு மாறுவதில்லை. தாங்கு யந்திரத்தில் கேவிஎம் அல்லது விஎம்வேர் இருப்பதால், விண்டோஸுக்காக அதன் கோர்களை எண்ண வேண்டியதில்லை என்று கருதுவோர் உளர். அது பிழை. உள்ளே ஒரு விண்டோஸ் மெய்நிகர் யந்திரம் இயங்கினாலும், மேற்கூறிய முறைப்படி தாங்கு யந்திரத்தின் கோர்கள் யாவும் எண்ணப்படும்.

எப்பதிப்பு எப்போது?

இரு பதிப்புகளுக்கும் கோர் எண்ணும் முறை ஒன்றேயாதலால், விலைகளின் விகிதமே விடையைத் தரும். 2022ஆம் ஆண்டுப் பதிப்புக்கு மைக்ரோசாப்ட் அறிவித்த பட்டியல் விலை, பதினாறு கோர்களுக்கு ஸ்டாண்டர்டு 1,069 டாலர். டேட்டாசென்டர் 6,155 டாலர். ஐந்து சுற்று ஸ்டாண்டர்டின் விலை 5,345 டாலர். ஆறு சுற்றின் விலை 6,414 டாலர். ஆகவே அவ்விலைப்படி, ஒரு தாங்கு யந்திரத்தில் பத்து விண்டோஸ் மெய்நிகர் யந்திரங்கள் வரை ஸ்டாண்டர்டு சிக்கனமானது. பதினொன்றிலிருந்து டேட்டாசென்டர் சிக்கனமானது.

கல்வி நிலையங்களுக்கும் அரசாங்கத் துறைகளுக்கும் விலை வேறாகலாம். ஆகையால் எல்லைக்கோடும் மாறலாம். விலைப்புள்ளி கோரும்போது இரு பதிப்புகளின் விலையையும் கேட்டு, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்ப்பதே முறை. வரும் ஈவு எத்தனையோ, அத்தனை சுற்றுகளுக்கு உட்பட்டவரையில் ஸ்டாண்டர்டு போதும்.

இடம்பெயரும் யந்திரங்கள்

இதுகாறும் கூறியது தாங்கு யந்திரம் ஒன்றே உள்ள நிலை. இரண்டு தாங்கு யந்திரங்களை இணைத்து வைத்தால், ஒன்று பழுதுறுங்கால் அதிலிருந்த மெய்நிகர் யந்திரங்கள் மற்றொன்றில் எழுந்து இயங்கும். பழுது நேராத காலத்திலும், பளு மிகுந்த யந்திரத்திலிருந்து குறைந்த யந்திரத்திற்கு அவை தாமாகவே இடம்பெயரும்படி ஏற்பாடு செய்யலாம். இரவில் எவரும் அறியாமலே இது நிகழக்கூடும்.

மெய்நிகர் யந்திரம் நகரும், உரிமம் நகராது. விண்டோஸ் சர்வர் உரிமம் ஒரு குறிப்பிட்ட தாங்கு யந்திரத்திற்கு ஒதுக்கப்படுகிறது. அதனை வேறொன்றிற்கு மாற்றினால், மீண்டும் மாற்ற 90 நாட்கள் கழிய வேண்டும் என்பது பொது விதி. யந்திரம் நிரந்தரமாகப் பழுதுற்று நீக்கப்பட்டால் மட்டும் முன்னரே மாற்றலாம். சர்வரோடு சேர்த்து அதன் உற்பத்தியாளர் விற்கும் உரிமமோ, அச்சர்வரை விட்டு என்றும் பிரியாது.

ஆகவே ஒவ்வொரு தாங்கு யந்திரத்திற்கும், அதில் ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய மிக அதிகமான மெய்நிகர் யந்திரங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப உரிமம் இருத்தல் வேண்டும். மேற்கண்ட 24 கோர் யந்திரங்கள் இரண்டு உள்ளன என்றும், ஒவ்வொன்றிலும் மூன்று விண்டோஸ் மெய்நிகர் யந்திரங்கள் இயங்குகின்றன என்றும் கொள்வோம். அன்றாட நிலையை மட்டும் நோக்கினால் ஒவ்வொன்றிற்கும் இரண்டு சுற்று, 48 கோர்கள், இரண்டிற்கும் சேர்த்து 96. ஆனால் பராமரிப்புக்காக ஒரு மாலைப்பொழுது ஒன்றை நிறுத்தினாலும், மற்றொன்றில் ஆறும் இயங்கும். ஆறுக்கு மூன்று சுற்று, 72 கோர்கள், இரண்டிற்கும் சேர்த்து 144. அந்த ஒரு மாலைக்காக வேண்டுவது கூடுதலாக 48 கோர்கள்.

இச்செலவு மிகுதியெனத் தோன்றினால் மாற்று வழியும் உண்டு. ஆறில் நான்கு மட்டுமே இன்றியமையாதவை. ஏனைய இரண்டையும் சில மணி நேரம் நிறுத்தி வைக்கலாம் எனின், எந்தத் தாங்கு யந்திரத்திலும் நான்குக்கு மேல் ஒருபோதும் இயங்காவண்ணம் ஹைப்பர்வைசரில் கட்டுப்பாடு விதித்துவிடலாம். நிறுத்தி வைக்கப்பட்ட மெய்நிகர் யந்திரம் வட்டில் இருக்கும் வரை எண்ணிக்கையிற் சேராது, இயங்கும்போதே எண்ணப்படும். அப்போது 96 கோர்களே போதுமானவை. எவை இன்றியமையாதவை என்பதை முடிவு செய்ய வேண்டுவோர் அலுவலகத் தலைவரும் பயன்படுத்துவோருமே. அம்முடிவை எழுத்தில் வைத்தல் வேண்டும்.

பயன்படுத்துவோர்க்கு உரிமம்

கோர் உரிமம் சர்வரை இயக்குவதற்கு மட்டுமே. அதனை அணுகுவோர்க்கு அணுகல் உரிமம் எனத் தனியே ஒன்று வேண்டும். இது இரு வகைப்படும். ஆளுக்கு வழங்கப்படுவது ஒன்று. அவர் எத்தனை கருவிகளிலிருந்தும் அணுகலாம். கருவிக்கு வழங்கப்படுவது மற்றொன்று. அக்கருவியை எத்தனை பேரும் பயன்படுத்தலாம்.

ஒரு பள்ளிக் கூடத்தின் கணினிப் பயிற்சி அறையில் 40 கணினிகள் உள்ளன. மூன்று பிரிவுகளாக 120 மாணவர்கள் பயில்கின்றனர் என்று கொள்வோம். ஆள்வழி எண்ணினால் 120 உரிமங்கள். கருவிவழி எண்ணினால் 40. ஒரு விரிவாக்கப் பணியகத்தில் 25 கள ஊழியர்கள், ஒவ்வொருவரிடமும் மேசைக் கணினி, மடிக்கணினி, கைபேசி ஆகிய மூன்று எனின், கருவிவழி 75, ஆள்வழி 25. இரு வகையையும் ஒரே நிலையத்தில் கலந்தும் வைத்துக்கொள்ளலாம்.

மெய்நிகர் யந்திரங்கள் பெருகுவதால் அணுகல் உரிமம் பெருகுவதில்லை. ஓர் உரிமம் நிலையத்தின் விண்டோஸ் சர்வர்கள் அனைத்திற்கும் செல்லும். ஆனால் அதன் பதிப்பு, சர்வரின் பதிப்புக்குச் சமமாகவோ பிந்தியதாகவோ இருத்தல் வேண்டும். 2019 அணுகல் உரிமத்தைக் கொண்டு 2022 சர்வரை அணுகுதல் ஆகாது. சர்வரின் திரையையே தொலைவிலிருந்து இயக்கும் முறையில் மாணவர்க்குப் பயிற்சி அளிப்பதாயின், அதற்குரிய தொலைமேசை அணுகல் உரிமமும் கூடுதலாக வேண்டும்.

வேறு கணக்கு முறைகள்

2022 அக்டோபர் முதல் விண்டோஸ் சர்வருக்கு மற்றொரு முறையும் வந்துள்ளது. சாப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்னும் கட்டண ஏற்பாடு உள்ளவர்களும், சந்தா முறையில் உரிமம் பெற்றவர்களும், தாங்கு யந்திரத்தை விடுத்து மெய்நிகர் யந்திரத்தின் கோர்களையே எண்ணலாம். குறைந்தபட்சம் ஒரு மெய்நிகர் யந்திரத்திற்கு எட்டு. ஒரு நிலையத்திற்கு மொத்தம் பதினாறு. ஒரு பல்கலைக்கழகத்தின் 64 கோர்கள் கொண்ட தாங்கு யந்திரத்தில் நான்கு கோர் அளவுள்ள மூன்று விண்டோஸ் யந்திரங்கள் மட்டும் இயங்குமாயின், பழைய முறைப்படி இரண்டு சுற்றுக்கு 128. புதிய முறைப்படி மூன்று எட்டு 24. எனினும் சாப்ட்வேர் அஷ்யூரன்ஸுக்கோ சந்தாவுக்கோ தொடர்ந்து செலுத்த வேண்டிய கட்டணத்தையும் சேர்த்தே ஒப்பிடல் வேண்டும்.

தகவல் தொகுப்பு மென்பொருளாகிய எஸ்.க்யூ.எல். சர்வருக்குத் தனி உரிமம் உண்டு. அதை மெய்நிகர் யந்திர அளவில் கோர் முறைப்படி வாங்கினால், ஒவ்வொரு யந்திரத்திற்கும் குறைந்தது நான்கு கோர்கள். இதன் 2022 பதிப்பிலிருந்து, மெய்நிகர் யந்திர அளவில் எண்ணுவதற்குச் சாப்ட்வேர் அஷ்யூரன்ஸோ சந்தாவோ இருத்தல் வேண்டும்.

பிற நிறுவனங்களின் விதிகள் வேறு. ஆரக்கிள் நிறுவனத்தின் கொள்கைப்படி, விஎம்வேர் போன்ற மென்பொருளால் செய்யப்படும் பகுப்பு உரிம எண்ணிக்கையைக் குறைப்பதற்கு ஏற்கத்தக்கதன்று. ஆகவே விண்டோஸுக்குச் செய்த கணக்கை மற்றொரு மென்பொருளுக்கு அப்படியே பொருத்துதல் தவறு. ஒவ்வொன்றிற்கும் ‘அலகு யாது? குறைந்தபட்சம் யாது? இடம்பெயர அநுமதி உண்டா?’ என்னும் மூன்று வினாக்களை எழுப்பி, ஒப்பந்தத்திலிருந்து விடை காணல் வேண்டும்.

உரிமக் கட்டணமற்ற லினக்ஸும் கேவிஎம்மும் பல பணிகளுக்குப் போதுமானவை. மத்திய அரசாங்கம் 2015இல் வெளியிட்ட கொள்கை, அரசாங்கப் பணிகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கிறது. புதிய மெய்நிகர் யந்திரம் வேண்டுமெனக் கேட்கப்படும்போது, அப்பணி விண்டோஸில்தான் நடைபெற வேண்டுமா என்பதே முதல் வினாவாக இருத்தல் தகும்.

சட்டமும் பதிவேடும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) கணினி நிரலை இலக்கியப் படைப்புகளுள் ஒன்றாகக் கொண்டு காக்கிறது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 63-பி பிரிவின்படி, உரிமை மீறிய நிரல் நகலைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்துவோர்க்கு ஏழு நாட்கள் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், ஐம்பதாயிரம் ரூபாய் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். லாப நோக்கமோ வணிகத் தொடர்போ இல்லாதவிடத்துத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. கணக்குப் பிழையால் உரிமம் குறைந்த அலுவலகங்கள் சந்திப்பது பெரும்பாலும் குற்ற வழக்கன்று. ஒப்பந்தப்படி நிறுவனம் நடத்தும் சரிபார்ப்பும், குறைந்த உரிமங்களுக்கான விலையுமே. முன்கூட்டித் திட்டமிடாத அச்செலவுக்கு நிதி ஒதுக்கீடு இருப்பதில்லை.

இதனைத் தவிர்க்க வழி, மேசை நாற்காலிகளுக்கு இருப்பது போன்றே உரிமங்களுக்கும் இருப்புப் பதிவேடு ஒன்று வைத்தலாகும். அதில் இருக்க வேண்டியவை: தாங்கு யந்திரத்தின் வரிசை எண், பிராசஸர்களின் எண்ணிக்கையும் கோர்களின் எண்ணிக்கையும், ஒதுக்கப்பட்ட உரிமத்தின் பதிப்பும் கோர் அளவும், வாங்கிய பட்டியலின் எண், தேதி, உரிமம் யந்திரத்தோடு வந்ததா, தனியே வாங்கியதா என்பது, ஒரே நேரத்தில் இயங்க அநுமதிக்கப்பட்ட மெய்நிகர் யந்திரங்களின் எண்ணிக்கை, உரிமம் கடைசியாக மாற்றப்பட்ட நாள். புதிய மெய்நிகர் யந்திரம் உண்டாக்குவதற்கு முன்னும், தாங்கு யந்திரத்தை மாற்றுவதற்கு முன்னும் இப்பதிவேட்டைப் பார்ப்பது வழக்கமாதல் வேண்டும். பொறுப்பிலுள்ள ஊழியர் மாறுதலாகிச் செல்லும்போது, சாவிகளோடு இதனையும் ஒப்படைத்தல் அவசியம்.

பயிற்சிக் கணக்குகள்

1. பத்து கோர்கள் கொண்ட ஒரே பிராசஸர் உள்ள தாங்கு யந்திரத்தில் இரண்டு விண்டோஸ் மெய்நிகர் யந்திரங்கள் இயங்குகின்றன. ஸ்டாண்டர்டு பதிப்பில் எத்தனை கோர்களுக்கு உரிமம் வேண்டும்?

2. பதினாறு கோர்கள் கொண்ட பிராசஸர்கள் இரண்டு உள்ள யந்திரத்தில் ஐந்து விண்டோஸ் யந்திரங்களும் மூன்று லினக்ஸ் யந்திரங்களும் இயங்குகின்றன. ஸ்டாண்டர்டு பதிப்பில் எத்தனை?

3. எட்டு கோர்கள் கொண்ட பிராசஸர்கள் இரண்டிரண்டு உள்ள தாங்கு யந்திரங்கள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு விண்டோஸ் யந்திரங்கள். ஒன்று நின்றால் எட்டும் மற்றொன்றில் இயங்க வேண்டும். ஸ்டாண்டர்டு பதிப்பில் மொத்தம் எத்தனை?

4. ஒரு பள்ளியில் 30 கணினிகளை 90 மாணவர்கள் பயன்படுத்துகின்றனர். ஆசிரியர் அறுவர் வீட்டிலுள்ள தம் மடிக்கணினிகளிலிருந்தும் சர்வரை அணுகுகின்றனர். மிகக் குறைந்த எண்ணிக்கையில் அணுகல் உரிமங்களை எவ்வாறு பெறலாம்?

விடைகள்: (1) 16, யந்திரத்திற்குரிய குறைந்தபட்சம். (2) மூன்று சுற்று, 96. (3) ஒவ்வொன்றிற்கும் நான்கு சுற்று, 64; மொத்தம் 128. (4) பள்ளிக் கணினிகளுக்குக் கருவிவழி 30, ஆசிரியர்க்கு ஆள்வழி 6, மொத்தம் 36.